கோடு போட்ட மேஜையைத் தேடி ஐந்து நாள்

முதல் நாள்: பாரிஸ்

பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு நேராக ஓப்பராவுக்குப் போனேன். ஓப்பராவைப் பார்க்க அல்ல. அதற்கு முதுகைக் காட்டி நின்றால் வலது கைப்பக்கம் ஒரு தெருவையே அடைத்துக்கொண்டு கிராண்ட் ஹோட்டல் நிற்கும், அதைப் பார்க்க. 1862-ல் திறந்தது. ஓப்பரா 1875-ல்தான் வந்தது என்பதால் ஹோட்டல்தான் மூத்தது.

1906 ஜனவரி 15 அன்று இந்த ஹோட்டலில் ஒரு பில்லியர்ட்ஸ் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் மோரிஸ் விஞ்யோ, பிரான்ஸே தலையில் வைத்துக் கொண்டாடிய பழைய சாம்பியன். எதிரே வில்லி ஹாப்பி, அமெரிக்கப் பையன், வயது 18. அப்பாவின் விடுதியில் இருந்த மேஜையில் எட்டாத வயதிலேயே ஏறி நின்று பழகியவன். அதனால்தானோ என்னவோ, கடைசிவரை அவன் கை நேராக ஆடாமல் பக்கவாட்டில்தான் வீசும். பள்ளிக்கூடத்தில் தப்பாகப் பேனா பிடிக்கப் பழகிய பையன் கடைசியில் மாநிலத்தில் முதல் மார்க் வாங்கிய மாதிரி. தனக்கு 500, எதிராளிக்கு 323 என்று கிழவரைச் சாய்த்து உலகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு கப்பலேறினான். 1952-ல் ஓய்வு பெறும்வரை ஆடினார் (இதற்குமேல் ‘ன்’ போட மனம் வரவில்லை).

அன்று ஆடியது நம் ஊர் கிளப்புகளில் பார்க்கும் பில்லியர்ட்ஸ் இல்லை. மேஜையில் ஒரு குழிகூடக் கிடையாது, கோடு மட்டும் உண்டு. அப்படியொரு கோடு போட்ட மேஜையைத் தேடித்தான் இந்தப் பயணம். மூன்றே பந்து. என் பந்தை அடித்தால் அது மற்ற இரண்டையும் தொட வேண்டும், தொட்டால் ஒரு புள்ளி. தவறும்வரை ஆடிக்கொண்டே இருக்கலாம். இந்தக் குடும்பத்துக்குப் பொதுப்பெயர் கேரம். ஆமாம், நாம் பவுடர் போட்டு ஆடுகிற கேரம் போர்டின் பெயரும் இதே சொல்தான். பிரெஞ்சில் சிவப்புப் பந்துக்குக் ‘கராம்போல்’ என்று பெயர். நட்சத்திரப் பழத்தின் பெயரிலிருந்து வந்தது, அந்தப் பழப்பெயரோ நம் மேற்குக் கரையிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாகப் போனது என்று ஒரு கருத்து உண்டு. உண்மையோ பொய்யோ, ஓப்பரா எதிரே குளிரில் நின்றபோது மனதுக்கு இதமாக இருந்தது.

உள்ளே போய் வரவேற்பில் ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். ஏதோ விருந்துக்காகக் கூடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள், வாசலில் நின்று எட்டிப் பார்க்க விட்டார். தங்க முலாம், சரவிளக்கு, சக்கரம் வைத்த நாற்காலி வண்டி. மேஜை எந்த இடத்தில் கிடந்திருக்கும் என்று நானே ஒரு இடத்தை முடிவு செய்துகொண்டேன்.

இரண்டாம் நாள்: பாரிஸ், காலை மட்டும்

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: “குழி இல்லாத மேஜையில் கோடு எதுக்கு சார்?” நல்ல கேள்வி. என் பயணமே அதுதான்.

முதலில் கோடு கிடையாது. ஆனால் கை தேர்ந்தவர்கள் ஒரு வித்தை கண்டுபிடித்தார்கள். இரண்டு பந்தையும் ஓரத்து ரப்பரை ஒட்டிப் பக்கத்தில் பக்கத்தில் சேர்த்துக்கொள்வது. அப்புறம் தூங்குகிற குழந்தையை நகர்த்துவதுபோல ஒவ்வோர் அடிக்கும் இரண்டு அங்குலம் தள்ளிக்கொண்டே போவது. பந்துகள் பிரியாது, புள்ளி ஏறிக்கொண்டே இருக்கும். 1879-ல் அமெரிக்காவின் ஜேக்கப் ஷேஃபர் இப்படி ஒரே முறையில் 690 புள்ளி எடுத்தார். எதிராளி நாற்காலியில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். காசு கொடுத்து வந்தவர்களுக்கும் அதே கதி.

சரி, என்று ஆட்டத்தை நடத்துகிறவர்கள் நான்கு மூலைகளிலும் குறுக்கே கோடு கிழித்தார்கள். பற்றவில்லை. 1880-களில் நான்கு ஓரங்களுக்கும் இணையாகக் கோடு வந்தது. முதலில் ஓரத்திலிருந்து 8 அங்குலம். அதையும் பழகிவிட்டார்கள். 14 அங்குலம். அதுவும் பழகிற்று. 18. மேஜையே தெருவில் கரித்துண்டால் போட்ட பாண்டிக் கட்டம் மாதிரி ஒன்பது கட்டங்கள் ஆனது. இதற்குத்தான் பால்க்லைன் என்று பெயர், பிரெஞ்சில் ‘காத்ர்’. ஒரு கட்டத்துக்குள் இரண்டு பந்தும் இருந்தால் இத்தனை முறை அடிப்பதற்குள் ஒன்றையாவது வெளியே துரத்தியாக வேண்டும். இரண்டு முறை அடிக்க அனுமதி என்றால் 18.2. ஒரே ஒரு முறை என்றால் 18.1. ஹாப்பியும் விஞ்யோவும் ஆடியது இந்த இரண்டாவது வகை, ஈவிரக்கம் இல்லாதது.

இதோடு முடிந்ததா? இல்லை. கோடு போட்டவனைவிட ஆடுகிறவன் கெட்டிக்காரன். கோடு ஓரத்து ரப்பரைத் தொடும் இடத்தில் ஒரு பந்தை இந்தப் பக்கமும் ஒரு பந்தை அந்தப் பக்கமும் நிறுத்திவிட்டால் இரண்டும் வேறு வேறு கட்டம். சட்டம் தொடாது. அங்கேயே நங்கூரம் போட்டு நாள் முழுக்க அடிக்கலாம். அதனால் 1894-ல் அந்த இடங்களிலெல்லாம் சின்னப் பெட்டி ஒன்று வரைந்து அதையும் ஒரு கட்டமாகக் கணக்கில் சேர்த்தார்கள். வரி கட்டாமல் இருக்க ஆடிட்டர் ஒரு வழி சொல்ல, அடுத்த பட்ஜெட்டில் அதை அடைப்பார்களே, அதே கதை.

பத்து மணி ரயிலுக்கு ஓட வேண்டும். மீதி ராத்திரி.

இரண்டாம் நாள், இரவு: ரீம்ஸ்

பாரிஸ் கிழக்கு நிலையத்திலிருந்து முக்கால் மணி நேரம். காபி ஆறுவதற்குள் வந்துவிட்டது.

ரீம்ஸுக்கு எல்லோரும் ஷாம்பெயினுக்காகவும் தேவாலயத்துக்காகவும் வருவார்கள். நான் வந்தது 1928-க்காக. அந்த ஆண்டு இங்கே அமெச்சூர்களுக்கான முதல் ‘மூன்று குஷன்’ உலகப் போட்டி நடந்தது (அது என்ன ஆட்டம் என்று கீழே சொல்கிறேன்). ஜெயித்தவர் பிரெஞ்சுக்காரர் இல்லை, எட்மோன் சூசா என்ற எகிப்தியர். அவர் பால்க்லைன் என்ற கோட்டு ஆட்டத்திலும் உலகப் பட்டங்கள் வாங்கியவர்.

இந்த ‘அமெச்சூர்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஹாப்பி போன்றவர்கள் இதில் சம்பாதித்துச் சாப்பிட்டவர்கள். அவர்களுக்கு இணையாக இன்னொரு வரிசை இருந்தது, பிரான்ஸின் லூசியன் ரெரோல், ஜெர்மனியின் ஆல்பர்ட் பொயென்ஸ்கன் போன்றவர்கள். முதல் உலகப்போருக்கு முன்னாலேயே கோட்டு மேஜையில் சர்வதேச அமெச்சூர் பட்டங்களுக்கு மோதிக்கொண்டவர்கள். பொழுதுபோக்கு என்று பெயர்தான். மேஜை, தந்தப் பந்து, நாள்தோறும் பல மணி நேரம் ஓய்வு, இதெல்லாம் இருந்தால்தானே அந்தப் பொழுது போகும். யானைத் தந்தத்தில் கடைந்த பந்து குளிர் அறையிலிருந்து சூட்டுக்கு வந்தால் கோணிப்போகும், விரிசல் விடும். வைத்துப் பராமரிப்பதே ஒரு ஆள் வேலை.

மூன்று குஷன் என்றால், இரண்டாவது பந்தைத் தொடுவதற்குமுன் என் பந்து மேஜை ஓரத்தில் மூன்று முறையாவது மோதியிருக்க வேண்டும். கோடு எதுவும் வேண்டாம். கோடு போட்டுப் போட்டு அலுத்துப்போய்க் கடைசியில் இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள் என்று தோன்றுகிறது. கோட்டு ஆட்டத்தில் நூறு அடிப்பவனும் இதில் மூன்றாவது நான்காவது புள்ளிக்குள் நாற்காலிக்குத் திரும்பிவிடுவான். பார்க்கிறவனுக்குக் கொண்டாட்டம். இன்று கேரம் உலகில் இதுதான் கொடிகட்டிப் பறக்கிறது.

1928-ல் வந்த ஆட்டக்காரர்கள் கண்ட ரீம்ஸ் வேறு. போரில் நகரத்தின் பெரும்பகுதி இடிந்து கிடந்தது. தேவாலயம் அப்போது சாரத்துக்குள் இருந்தது, வேலை முடிந்து முழுசாகத் திறந்தது 1938-ல். தேவாலயத்துக்குப் பின்பக்கம் கார்னெகி நூலகம் இருக்கிறது, அது திறந்ததும் 1928-ல்தான். உள்ளே நுழைந்ததும் கூரையிலிருந்து ஒரு கண்ணாடி விளக்கு தொங்குகிறது, அதன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரே இடிந்து கிடந்த காலத்தில் ஒரு பக்கம் நூலகம் கட்டியிருக்கிறார்கள், ஒரு பக்கம் பில்லியர்ட்ஸ் உலகப் போட்டி நடத்தியிருக்கிறார்கள். எனக்கு அந்த மனிதர்களைப் பிடித்துவிட்டது.

மூன்றாம் நாள்: ரயிலில்

ரீம்ஸிலிருந்து பாரிஸ், பாரிஸிலிருந்து பிரஸ்ஸல்ஸ், அங்கிருந்து லியர். நடுவில் ஒரு ரயில் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். எந்த ரயில் என்று சொல்லிப் பயனில்லை. நடைமேடையில் கொடுத்த சாண்ட்விச்சில் வெண்ணெய் தவிர வேறெதுவும் இல்லை. சித்தப்பா மகன் லியர் நிலையத்தில் காத்திருந்தான். வீட்டில் ரசமும் உருளைக்கிழங்கு வறுவலும். தூங்கிவிட்டேன்.

நான்காம் நாள்: லியர்

பெல்ஜியத்தில், ஆண்ட்வெர்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே இரண்டு பெருமை. ஒன்று ஸிம்மர் கோபுரம், நடுவில் பெரிய கடிகார முகமும் சுற்றிப் பன்னிரண்டு குட்டி முகங்களும். நிலவின் பிறை, கடலின் ஏற்ற இறக்கம், ராசி எல்லாம் காட்டும், நம் பஞ்சாங்கத்தைச் சுவரில் மாட்டியதுபோல. இரண்டாவது, ரேமோன் சூல்மன்ஸ் 1937-ல் பிறந்த ஊர் இது. 1963 முதல் 1973 வரை மூன்று குஷன் உலகப் பட்டத்தை ஒரு வருஷம்கூட விடாமல் கையில் வைத்திருந்தவர். கடைசிப் பட்டம் 2001-ல், அறுபதைத் தாண்டி. கோட்டு ஆட்டத்திலும் அவர் விட்டுவைக்கவில்லை.

“அண்ணே, இதெல்லாம் பார்த்தது போதும். மேஜை பார்க்க வந்தீங்களா, கோபுரம் பார்க்க வந்தீங்களா?” என்று தம்பி இழுத்துக்கொண்டு போனான்.

கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு காபிக்கடை. பெயர் வேண்டாம், அவர்களுக்கு விளம்பரம் பிடிக்காது. முன்னால் பீர், பின்னால் இரண்டு மேஜை. கொஞ்ச நாள் கழித்து வந்தால் இரண்டாவது இருக்காது, அந்த இடத்தில் சாப்பாட்டு மேஜை போடப் போகிறார்களாம். அதில்தான் கோடு இருந்தது.

எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெரியவர் தனியாக ஆடிக்கொண்டிருந்தார். தம்பி அந்த ஊர் பிளெமிஷ் மொழியில் என்னைப் பற்றி ஏதோ சொன்னான். இந்தியாவிலிருந்து ‘காடர்’ (பிரெஞ்சு ‘காத்ர்’தான், பிளெமிஷில்) பார்க்க வந்திருக்கிறார் என்றதும் அவர் கியூ கோலைச் சாய்த்து வைத்துவிட்டு என் கையைப் பிடித்து மேஜைமேல் அழுத்தினார். சூடு! காய்ச்சல்காரன் நெற்றியைத் தொட்டதுபோல இளஞ்சூடு. துணிக்குக் கீழே கனமான கற்பலகை, அதற்குக் கீழே மின்கம்பி. ஈரத்தை இழுத்துத் துணி மந்தமாகாமல் இருக்கச் சூடேற்றுகிறார்கள். மெதுவாகத் தட்டிய பந்துகூடத் தயங்காமல் உருண்டுகொண்டே போகிறது.

நம் ஊரில் ஸ்னூக்கர் பந்து கொஞ்சம் சின்னது. இது 61 மில்லிமீட்டருக்கு மேல், 200 கிராமுக்கு மேல். கையில் வைத்துப் பார்த்தால் நல்ல எலுமிச்சம்பழம் அளவு, எடை மட்டும் நாட்டு மாம்பழம். ஸ்னூக்கரின் விதிகளை ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரி ஊட்டி கிளப்பில்தான் எழுதி மாட்டினார் என்று பெரியவருக்குச் சொல்லச் சொன்னேன். தம்பி சொன்னான். அவர் தோளைக் குலுக்கினார். குழி வைத்த ஆட்டமெல்லாம் அவருக்கு ஆட்டமே இல்லை.

அப்புறம் ஆடிக்காட்டினார். மஞ்சளும் சிவப்பும் ஒரே கட்டத்துக்குள் வந்து நின்றன. “ஆந்த்ரே” என்று தனக்குத்தானே சொன்னார். நடுவர் இல்லாவிட்டாலும் சொல்லியாக வேண்டும்போல. ‘உள்ளே வந்தாச்சு’ என்று பொருள். ஒரு மெல்லிய அடி, புள்ளி வந்தது, பந்துகள் கட்டத்தை விட்டு நகரவில்லை. “தெதான்.” ‘உள்ளேயே இருக்கிறது’. அடுத்த அடியில் ஒன்று வெளியே போயாக வேண்டும்.

இங்கேதான் நான் வந்ததற்குக் கூலி கிடைத்தது. குனிந்தார். கியூவின் நுனி பந்தின் இடையைத் தொட்டதா இல்லையா என்று தெரியவில்லை. வெள்ளை சிவப்பைத் தொட்டது, சிவப்பு கோட்டைத் தாண்டித் தூரத்து ஓரம்வரை நிதானமாகப் போயிற்று, மோதியது, திரும்பியது. திரும்பி வருகிற நேரத்துக்குள் வெள்ளை மெல்ல உருண்டு மஞ்சளைத் தொட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டது. சிவப்பும் வந்து சேர்ந்தது. மூன்று பந்தும் மறுபடி ஒரு கை அகலத்துக்குள். பள்ளிக்கூடம் போன பிள்ளை சாயங்காலம் வீட்டுக்கு வந்த மாதிரி. இதற்கு ‘ரப்பெல்’, திரும்ப அழைப்பது, என்று பெயர். வெளியே துரத்தச் சொன்ன சட்டத்தை மதித்தாயிற்று, பந்தும் கைவிட்டுப் போகவில்லை. 690 அடித்த ஷேஃபர் காலத்துப் போட்டி இன்னும் முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

“இந்தக் கோட்டை எதால போடுறாங்க?” என்று கேட்டேன். தையற்காரர் சுண்ணக்கட்டி. மெல்லிய கோடு. போட்டியென்றால் திரும்பத் திரும்ப வரைவார்களாம்.

அடுத்து பந்துகள் கோட்டுக்கு இருபுறமும் நின்றன. “ஆ ஷெவால்” என்றார். குதிரைமேல்! ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். பாண்டியில் கோட்டை மிதித்தால் அவுட். இங்கே கோட்டின் மேல் காலைப் பரப்பி உட்கார்ந்தவன்தான் ராஜா, அவனுக்கு அடி எண்ணிக்கையே கிடையாது. ஆறேழு அடி அப்படியே போனது. கடைசியில் ஏதோ நூல் பிசகிற்று. எத்தனை என்று கேட்டேன். 41. சலிப்புடன் உதட்டைப் பிதுக்கினார்.

என் முறை. இருபது வருஷமாக மதுரையில் ஸ்னூக்கர் ஆடுகிற கை. மூன்று புள்ளி. நான்காவதில் பலமாக அடித்துவிட்டேன், மூன்று பந்தும் மூன்று ஊருக்குப் போயின. பெரியவர் சொன்னதைத் தம்பி மொழிபெயர்த்தான்: “அண்ணே, உங்களுக்கு அவசரமா ஏதாவது வேலை இருக்கான்னு கேட்கிறார்.”

மூன்று மணி நேரம் இருந்தோம். இங்கே இப்போது யார் இதை ஆடுகிறார்கள் என்று கேட்டதற்கு, “ட்ரீபாண்ட், எல்லாம் ட்ரீபாண்ட்” என்று மூன்று விரலைக் காட்டினார். மூன்று குஷன். அவர் பேரனும் அதுதானாம். கடைக்காரர் பீரோவிலிருந்து பழைய துணிச்சுருள் ஒன்றை எடுத்தார். போன மாதம் மாற்றிய துணி, துடைக்க வைத்திருக்கிறார்கள். பெரியவர் அதை விரித்து, ஒரு ஓரத்தைத் தேடிப் பிடித்து, கத்தரிக்கோலால் இரண்டு சாண் சதுரம் வெட்டி என்னிடம் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பீருக்கு நான்தான் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள்: வெர்வியே

துணியைக் கையில் வைத்துக்கொண்டு, அது நெய்யப்பட்ட ஊரைப் பார்க்காமல் திரும்புவதா? லியேஜ் தாண்டி, வெஸ்டர் ஆற்றங்கரையில் வெர்வியே. சிமோனி என்ற பெயரில் 1680-லிருந்து இங்கே கம்பளித் துணி நெய்கிறார்கள். உலகத்துப் பில்லியர்ட்ஸ் மேஜைகளில் பரவலாகப் பார்க்கிற பெயர் அது. பந்துக்கும் பெல்ஜியம்தான், பிரெஞ்சு எல்லையை ஒட்டிய கலனெல் என்ற கிராமத்தில் பிசினில் வார்க்கிறார்கள். தந்தத்துக்கு அங்கேதான் முடிவு கட்டினார்கள் என்று சொல்ல முடியாது. தந்தத்துக்கு மாற்றுக் கண்டுபிடிக்க 1860-களில் அமெரிக்காவில் 10,000 டாலர் பரிசு அறிவிக்கப்பட்டு, ஹயட் என்பவர் செல்லுலாய்டில் தொடங்கி வைத்தார்.

வெஸ்டர் ஆற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, கம்பளி அலச நல்லது. நம் பக்கம் சாயப்பட்டறைக்காரர்கள் தண்ணீர் பார்ப்பதுபோலப் பார்த்து வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். 1799-ல் வில்லியம் காக்கரில் என்ற ஆங்கிலேயர் இங்கு வந்து சிமோனி குடும்பத்துக்கும் பியோலே குடும்பத்துக்கும் நூற்பு இயந்திரம் செய்து கொடுத்தார். ஐரோப்பாவின் உள்நாட்டில் இயந்திர நூற்பு தொடங்கியதற்கு இந்த ஊரைச் சொல்வார்கள்.

கம்பளிக்கு வாழ்வு கொடுத்த அதே ஆறு 2021 ஜூலையில் ஊருக்குள் புகுந்தது. கரையோரத் தெருக்களில் இன்னும் சில வீடுகள் அடைத்துக் கிடக்கின்றன. ஒரு சுவரில் என் தலைக்கு மேலே நீர் நின்ற அடையாளம் போட்டிருக்கிறது. மழை தூறிக்கொண்டிருந்தது, அதற்கே ஆறு சலசலவென்று போனது. அதிக நேரம் நிற்கவில்லை.

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்து துணியை மேஜைமேல் விரித்தேன். ஸ்னூக்கர் துணியில் மயிர் இருக்கும், ஒரு பக்கமாகத் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். இதில் அந்தப் பேச்சே இல்லை. எப்படித் தடவினாலும் ஒன்றுதான். பச்சை, ஒரு ஓரம் மட்டும் வெளுத்திருக்கிறது. நடுவில் சுண்ணக்கட்டிக் கோடு. அது ஓரத்தைத் தொடும் இடத்தில் சின்னப் பெட்டி. 1894-ல் ஓட்டையை அடைக்கப் போட்ட பெட்டி.

விரலால் தடவிப் பார்த்தேன். துணி மற்ற இடத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள், கோட்டுக்கு இரண்டு பக்கமும், பந்து நிற்கிற அளவில் இரண்டு இடம் மட்டும் நூல் தெரியத் தேய்ந்திருக்கிறது.